முன்கதை தெரியுமா?

பாடம் படிக்காமல் பரீட்சைக்குப் போகாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பாடம் படிக்காமல் சினிமாவுக்குப் போகாதே என்று இப்போது ஒரு புதிய கட்டளை பிறந்திருக்கிறது. நம் காலத்து அதிசயங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2022ஆம் வருஷம் ஜூன் மாதம் 3ஆம் தேதி ‘விக்ரம்’ வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னால் அதன் டைரக்டர் லோகேஷ் கனகராஜ் ரசிகர்களுக்குப் பகிரங்கமாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். இந்தப் படத்துக்கு வருவதற்கு முன் 2019இல் தாம் எடுத்த ‘கைதி’யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்பது அதன் சாரம். தமிழ் ரசிகன் கீழ்ப்படிதலுள்ள பிராணி. பார்த்துவிட்டுத்தான் போனான். அடுத்த வருஷம் அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது யாரும் சொல்லாமலே ‘கைதி’யையும் ‘விக்ர’மையும் மறுபடி போட்டுப் பார்த்துத் தயாரானான். 2024இல் ‘இந்தியன்’ இரண்டாம் பாகம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், 1996ஆம் வருஷத்து முதல் பாகத்தையே தியேட்டரில் மறுபடி ஓட்டி டிக்கெட் விற்றார்கள். பரீட்சைக்கு முன்னால் டியூஷன் வைப்பதுபோல!

இந்த வழக்கத்துக்குத் தாய்வீடு அமெரிக்கா. அங்கே மார்வெல் கம்பெனியார் 2008இல் ‘அயர்ன் மேன்’ என்று ஆரம்பித்து, பறக்கிறவன், பச்சை நிறத்தில் வீங்குகிறவன், சுத்தியல் வீசுகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் படம் எடுத்து, 2019 ஏப்ரலில் ‘எண்ட்கேம்’ என்ற படத்தில் எல்லோரையும் ஒரே களத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது 22ஆவது படம். முந்தைய 21 படங்களுக்கும் தலா இரண்டு மணி என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 42 மணி நேரம் ஆகிறது. அமெரிக்காவில் ஒரு தியேட்டர் கம்பெனி 22 படங்களையும் 59 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டிக் காட்டியது. ஜனங்கள் தலையணையோடு போய் உட்கார்ந்தார்கள். தமிழிலும் அந்தப் படம் வந்தது. ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, இரும்பு மனிதனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். முந்தைய பாகங்களையெல்லாம் நெட்டுருப் போட்டு வந்திருந்த நம் பையன்களில் பலர், ‘இது எங்கள் ஆளின் குரலே இல்லை’ என்று கொதித்தெழுந்தார்கள். அவ்வளவு சிரத்தை!

இந்தச் சிரத்தையை நான் கேலி செய்யவில்லை. அதைக் கேட்டு வாங்குகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

கதை சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. கேட்கிறவன் தன் நேரத்தைத் தருகிறான், காசும் தருகிறான். பதிலுக்குச் சொல்கிறவன், ‘உனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். நான் சொல்லி முடிக்கும்போது இந்த மனிதர்கள் உனக்கு உறவினர்களாகியிருப்பார்கள்’ என்று உறுதி தருகிறான். அந்த உறுதிதான் கதைத் தொழிலின் மூலதனம். என் கதையில் ஒருத்தி அழுகிறாள் என்றால், அவள் ஏன் அழுகிறாள் என்று தெரிய நான் மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய இன்னொரு கதையை வாங்கிப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அப்படிச் சொன்னால் பத்திரிகை ஆசிரியர் என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பத்தான் வேண்டும்.

தொடர்கதை படித்து வளர்ந்த வீடுகளில் இந்த நாகரிகத்தை விளக்க வேண்டியதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. நடுவில் எத்தனையோ பேர் புதிதாகப் பத்திரிகை வாங்கத் தொடங்கியிருப்பார்கள்; எத்தனையோ பேருக்கு ஊர் மாற்றலிலும் பிரசவத்திலும் நாலு இதழ் தவறிப்போயிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகவே தமிழ்ப் பத்திரிகைகள் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஓர் உபகாரத்தை ஏற்படுத்திவைத்தன. பத்துப் பன்னிரண்டு வரி. பிந்தி வந்த விருந்தாளிக்கும் இலை போடுகிற மரியாதை அது. ‘போய் முதல் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று விசாரித்துக்கொண்டு வா, அப்புறம்தான் உனக்குச் சோறு’ என்று எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்வதில்லை.

ஒரு கதையின் பாத்திரங்கள் இன்னொரு கதையில் வருவதும் நமக்குப் புதிதில்லை. கல்கி 1941இல் ‘பார்த்திபன் கனவு’ தொடங்கினார். அதில் நரசிம்ம பல்லவர் நடு வயதுக்காரர். அதை முடித்தபின் எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தில் அதே மனிதர் காதல் வயப்பட்ட இளவரசர். இரண்டையும் படித்தவருக்கு ஒரு கூடுதல் இன்பம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு ஒரு குறையும் இல்லை. அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்பேன். 1986ஆம் வருஷத்து ‘விக்ர’மையே எடுத்துக்கொள்ளுங்கள். சுஜாதா அதன் கதையைக் குமுதத்தில் தொடராக எழுதினார்; படமும் வந்தது. கதையைப் படிக்காமல் படத்துக்கு வராதே என்று யாரும் வாசலில் தடியோடு நிற்கவில்லை.

இன்னும் பின்னால் போகிறேன். பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா நடக்கும், இப்போதும் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊரின் சக்திக்கேற்ப நீளும். துரியோதனன் படுகளமும் தீமிதியும் வருவதற்குள் ஊரே ஒரு பாரதத்தைப் படித்து முடித்திருக்கும். ‘பார்த்தீரா, அதுவும் தொடர்தானே? அங்கேயும் முன்கதை தெரிந்துதானே ஜனங்கள் உட்கார்ந்தார்கள்?’ என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கூத்தில் என்ன நடக்கிறது என்று அவர் கவனித்துப் பார்த்ததில்லை.

துச்சாதனன் வருகிறான். கூடியிருக்கும் ஆயிரம் பேருக்கும் அவன் யாரென்று தெரியும். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவன் நேரே வந்து குதித்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே தன் பெயரையும் பிறப்பையும் பெருமையையும் பாடுகிறான். கட்டியங்காரன், ‘ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்?’ என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்கிறான். தெரிந்தவன் சிரிக்கிறான், தெரியாதவன் தெரிந்துகொள்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத கலைஞர்கள் என்று நாம் சொல்கிறவர்கள், முதல் முறை கூத்துப் பார்க்க வந்திருக்கும் அந்த ஒரே ஒரு சிறுவனை மறக்கவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துப் படமெடுக்கிற மேதைகள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாரதம் யாருடைய சொத்து? பாட்டி சொன்னாள், பிரசங்கி சொன்னார், கோவில் சுவரில் எழுதியிருந்தது. கதைக்கு என்று யாரும் காசு வாங்கவில்லை. இந்த ‘யூனிவர்ஸ்’ என்கிறார்களே, அதன் ஒவ்வொரு பாகமும் ஒரு கம்பெனியின் சொத்து. ஒன்றைப் பார்க்க ஒரு சந்தா. மற்றதைப் பார்க்க வேறொரு சந்தா. பூட்டை ஒரு கடையிலும் சாவியை மறு கடையிலும் விற்கிற வியாபாரம் இது. பழைய சரக்கு மறுபடி விலை போகிறது. புதுச் சரக்குக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறது. வியாபாரி வியாபாரம் செய்யட்டும், ஆட்சேபணை இல்லை. அதைக் கலையின் தேவை என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

‘கைதி’ நல்ல படம். ஏன் நல்ல படம்? பத்து வருஷம் சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன், தான் ஒரு தடவைகூடப் பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறான். ஒரே இரவு. வழியில் வேறொருவர் வினை அவன் தலையில் விழுகிறது. பாட்டும் கிடையாது, கதாநாயகியும் கிடையாது. அதைப் பார்க்க வந்தவனுக்கு முன்னால் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு மகளைப் பார்க்க வேண்டும் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த முன்கதை! அந்தப் பலத்தால்தான் அது ஜெயித்தது. அதே மனிதர் பிறகு ‘லியோ’வில், ‘கைதி’யில் வந்த நெப்போலியன் என்ற போலீஸ்காரரை நடக்கவிடுகிறார். கொட்டகையில் விசில் பறக்கிறது. ‘கைதி’யைப் பார்க்காமல் வந்த பெரியவர் பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்க்கிறார். இவன் எதற்கு விசிலடிக்கிறான்? திரையில் ஒரு போலீஸ்காரர் நடந்துதானே வருகிறார்? அந்த விசிலை ‘லியோ’ சம்பாதிக்கவில்லை; ‘கைதி’ போட்டுவைத்த பணத்திலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. நிலைமை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: 2025இல் அவர் ‘கூலி’ எடுத்தபோது, இது எந்தத் தொடரிலும் சேராத தனிப்படம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருந்தது. கதை தன் காலில் நிற்கிறது என்பது அறிவிப்புக் கொடுக்கவேண்டிய விசேஷமாகிவிட்டது!

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் தமக்கை வீடு இருக்கிறது. ‘லியோ’ வந்த சமயத்தில் நான் அங்கே போயிருந்தேன். தமக்கை மகன் எஞ்சினீயரிங் படிக்கிறவன். கெட்டிக்காரப் பையன். விஜய்யிடம் அவனுக்கு ஊர்ப் பாசமும் உண்டு. ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு 2020 பிப்ரவரியில் நெய்வேலிச் சுரங்கத்தில் நடந்தபோது, வேன் மேல் ஏறி நின்று கூட்டத்தோடு விஜய் எடுத்துக்கொண்ட படத்தை யார் மறப்பார்கள்? பையன் ஒரு காகிதத்தில் அட்டவணை எழுதி என் கையில் கொடுத்தான். வெள்ளி இரவு ஒரு படம். சனி காலை ஒரு படம். அதன் பிறகுதான் தியேட்டர்.

“நேரே போய்ப் பார்த்தால் என்னடா?” என்றேன்.

“ஒண்ணும் புரியாது மாமா.”

“ஒருத்தன் அழுதால் ஏன் அழுகிறான் என்று அந்தப் படமே சொல்லாதா?”

“அது போன படத்துலேயே சொல்லியாச்சு மாமா. திரும்பச் சொன்னா போர் அடிக்கும்.”

அவன் சிரத்தையை மெச்சினேன். பிறகு, “வளையமாதேவி தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியுமே. சேத்தியாத்தோப்புப் பக்கம். பயிர் மேல ஜேசிபி விட்டாங்களே, வீடியோ பார்த்தேன்.”

“அதற்கு முன்கதை தெரியுமா?”

“முன்கதையா?” என்று விழித்தான்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2023ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு மண்வெட்டும் யந்திரங்கள் வளையமாதேவி வயல்களில் இறங்கின. பச்சை நெற்பயிரின் மேல் ஏறி வாய்க்கால் வெட்டின. நாடு முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்தது. உச்சுக் கொட்டியது. முந்தின பாகம் தெரியாமல் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ‘பாவிகள், பயிரை அழிக்கிறார்களே’ என்றது ஒன்று. ‘நிலத்தை விற்றுவிட்டுப் பயிர் செய்தால் அழிக்கத்தான் செய்வார்கள்’ என்றது மற்றொன்று. ஒரே ஒரு காட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள்!

முன்கதை 1935இல் ஆரம்பிக்கிறது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி தென்பட்டது. 1962இல் மின்சாரம் வந்தது. கரிக்கு மேலே மலைபோல மண். அதைத் தோண்டி எடுத்துக் கொட்ட வேண்டும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு பொங்கும் ஊற்று நீர்; அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கம் ஒரே இடத்தில் நிற்காது. கரி இருக்கும் திசையில் ஊர்ந்துகொண்டே போகும். ஊர்கள் வழிவிட்டன. வீடும் கோவிலும் களத்துமேடும் வழிவிட்டன. இரண்டாம் சுரங்கம் ஊர்ந்து ஊர்ந்து பரவனாற்றின் பக்கம் வந்தபோது ஆறே வழிவிட வேண்டியதாயிற்று. ஆற்றைத் திருப்பிவிட வெட்டிய வாய்க்காலில் மிச்சமிருந்த துண்டுதான் வளையமாதேவி வயலுக்குள் வந்தது.

நிலத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே எடுத்து இழப்பீடு கொடுத்துவிட்டோம் என்பது கம்பெனியின் கட்சி. கொடுத்தது போதாது, பின்னால் வந்த சட்டத்தின்படி மற்றவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை, நிரந்தர வேலையும் வரவில்லை, விதைக்கும்போது தடுக்காமல் விளையும்போது வந்தார்கள் என்பது உழவர்களின் கட்சி. அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. எஞ்சிய பயிரைச் செப்டம்பர் நடுவுக்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்குமாறு உழவர்களுக்கும் சொன்னது. இத்தனையும் தெரிந்த பிறகு நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேருங்கள். அது உங்கள் நியாய புத்தி. தெரியாமல் சேர்வதற்கு விசிலடிப்பது என்று பெயர்.

ஜூலை 28ஆம் தேதி நெய்வேலியில் கம்பெனி வாசலில் பாட்டாளி மக்கள் கட்சியின் போராட்டம் நடந்து கலவரமாயிற்று. அதே தேதியில் சென்னையில் ‘ஜெயிலர்’ படத்தின் பாட்டு வெளியீட்டு விழா. ரஜினிகாந்த் மேடையில் காக்கையையும் கழுகையும் வைத்து ஒரு கதை சொன்னார். மறுநாள் முதல் தமிழ்நாடு முழுவதும் ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. காக்கை யார்? கழுகு யார்? எந்த வருஷம் எந்த மேடையில் யார் என்ன சொன்னார்? அதற்கு முந்தின பாகம் என்ன? மாதக்கணக்கில் நடந்த இந்தச் சர்ச்சைக்கு மறு வருஷம் ஜனவரியில் ரஜினிகாந்த்தே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. தமிழனுக்கு ஞாபக சக்தி இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இருக்கிறது. அபாரமாக இருக்கிறது. அதைக் காக்கைக்கும் கழுகுக்கும் ஒப்படைத்துவிட்டோம், வளையமாதேவிக்கு மிச்சமில்லை.

‘சினிமா பொழுதுபோக்கு ஐயா, அதில் எதற்குச் சுரங்கத்தையும் வயலையும் கொண்டுவருகிறீர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் கொண்டுவரவில்லை, அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சென்னைத் தியேட்டரில் திரை ஒளிர்கிற மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கு உண்டு. வளையமாதேவிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குக் குழாயில் போகிறது. ‘பொன்னியின் செல்வன்’ கதை தொடங்குவது அந்த ஏரிக்கரையில், ஓர் ஆடிப் பெருக்கு நாளில். மணிரத்னம் அதை இரண்டு பாகமாகப் படமெடுத்தார். 2022இல் முதல் பாகம் வந்தபோது, படத்துக்கு முன் கதையைப் படித்துவிட வேண்டும் என்று எத்தனை வீடுகளில் புத்தகம் வாங்கினார்கள்! எனக்கு அதில் சந்தோஷமே. வாங்கினவர்கள் வந்தியத்தேவன் குதிரை எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூடச் சொல்வார்கள். அந்த ஏரிக்குப் பக்கத்து வயலில் யந்திரம் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டால் மட்டும், ‘ஏதோ நியூஸில் பார்த்தேன்’ என்கிறார்கள்.

‘யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடித்தால் பார்க்கிறார்கள்’ என்பார் இன்னொருவர். கட்டாயம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்குத் தன் கூட்டத்தில் பேச வேண்டும். முன்பாகம் தெரியாதவன் அங்கே ஊமை. அந்தக் கூச்சத்தை மூலதனமாக வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அவனுடைய 42 மணி நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாகக் கொடுத்தது என்ன? அடுத்த பாகத்துக்கான ஆவல் ஒன்றுதான். ‘லியோ’வின் கடைசியில் ஒரு டெலிபோன் மணி அடிக்கிறது. அத்தனை சண்டைக்குப் பிறகும் கதை முடியாமல், அடுத்த கதைக்குப் பாலம் போடுகிறது. முடிவில்லாத கதையில் யாருக்கும் பொறுப்பு இல்லை. செத்தவன் அடுத்த பாகத்தில் எழுந்து வருவான். இடிந்த ஊர் அடுத்த பாகத்தில் முழுசாக நிற்கும். வளையமாதேவியில் மடிந்த பயிர் எந்தப் பாகத்திலும் எழுந்து நிற்காது. இந்த வித்தியாசம் பிள்ளைகளின் மனத்தில் மங்கிவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இரண்டே இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். சினிமாக்காரர்களுக்கு முதலாவது: உங்கள் படத்துக்கு முன்கதை அவசியம் என்றால் அதை நீங்களே சொல்லுங்கள். படம் தொடங்கும்போது இரண்டு நிமிஷம் போதும். சிறிய பத்திரிகைகள் பத்து வரியில் செய்ததை உங்கள் பணபலத்தால் செய்ய முடியாதா? முடியாது என்றால், கதை எழுதத் தெரிந்த யாரையாவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பத்திரிகைக்காரர்களுக்கும் செய்தி வாசிக்கிறவர்களுக்கும்: ஒரு கிராமத்தின் பெயர் தலைப்பில் வருகிற அன்றைக்கு அதன் முன்கதைச் சுருக்கத்தையும் கூடவே போடுங்கள். நிலத்தை எந்த வருஷம் எடுத்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள், என்ன வாக்களித்தார்கள், அதில் எது நடந்தது என்று பத்து வரி. எங்கள் வீட்டுப் பையன்கள் சிரத்தையுள்ளவர்கள். 22 படங்களை ஞாபகம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பத்து வரி ஒரு பாரமா?